வசனத்தைப் படித்தவர்கள் என்ன செய்தார்கள்?

ஒரு வேதத்திலிருந்து ஒரே ஒரு வசனத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "இதுதான் உங்க கடவுளா?" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது ரொம்ப ஈஸி. உடனே இன்னொருத்தர், "கடவுள் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பதில் போடுவார். ரெண்டு பேரும் எதிரெதிர் கட்சி மாதிரி தெரியும். ஆனால் படிக்கிற விதம் ஒண்ணுதான். எழுதியிருக்கு, அவ்வளவுதான், மேல யோசிக்க எதுவும் இல்லை!

மூணாவதா ஒரு வழி இருக்கு. அதுக்கு யூதர்களின் ஒரு பழைய சட்டத்தைப் பாருங்க.

உபாகமம் 21-ஆம் அதிகாரம். அப்பா அம்மா பேச்சைக் கேட்காமல், தின்று குடித்துத் திரிகிற அடங்காத மகனைப் பெற்றோரே ஊர்ப் பெரியவர்களிடம் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஊர் ஆண்கள் அவனைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும். இந்தச் சட்டப்படி பார்த்தால் நம்ம ஹாஸ்டலே காலியாகிடும்.

யூத அறிஞர்களான ரப்பிகளுக்கு இது கடவுளின் வார்த்தை. அழிக்க முடியாது. அதுக்காகப் பிள்ளையைக் கொல்லவும் மனசு வராது. என்ன செய்தார்கள் தெரியுமா? கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவிலும், அதன்மேல் எழுந்த தல்மூதிலும் ஒவ்வொரு சொல்லையும் வக்கீல் மாதிரி குடைந்தார்கள். 'மகன்' என்றுதானே இருக்கு, அப்போ மகள் கிடையாது. சின்னப் பையனுக்குத் தண்டனை இல்லை. முழு ஆணாக வளர்ந்துவிட்டால் அவன் பையனே இல்லை. ஆக, மிஞ்சுவது சுமார் மூணு மாசம். அதற்குள் அவன் அப்பாவிடம் திருடி, இத்தனை அளவு கறி, இத்தனை அளவு திராட்சை மது என்று சாப்பிட்டிருக்கணும். அப்பா, அம்மா ரெண்டு பேருமே சம்மதிக்கணும். அதோடு, பெற்றோர் 'எங்கள் குரல்' என்று சொல்லும் இடத்தில் குரல் ஒருமையில் வருகிறது. அதனால் ரெண்டு பேர் குரலும் ஒண்ணா இருக்கணும், தோற்றமும் உயரமும்கூட ஒத்துப்போகணும் என்றார் ரப்பி யூதா!

இப்படி ஒரு ஜோடியை எங்கே போய்த் தேடுவது? கடைசியில், அப்படி ஒரு மகன் இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை என்று ஒரு கருத்தைப் பதிவு செய்தார்கள். பிறகு எதுக்கு எழுதியிருக்கு? படித்து ஆராய்ந்து அதன் பலனை அடையத்தான். ரப்பி யோனத்தான் மட்டும் இதை மறுத்தார். அப்படி ஒருவனைப் பார்த்திருக்கிறேன், அவன் கல்லறைமேல் உட்கார்ந்தும் இருக்கிறேன் என்றார். தல்மூத் அந்த மறுப்பையும் மறைக்கவில்லை.

"இது சப்பைக்கட்டு இல்லையா? சட்டம் தப்புன்னு நேரடியா சொல்லிட்டுப் போகலாமே?" என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வெளியில் நிற்கிறவர் "தப்பு" என்று சொன்னால், நம்புகிறவர் காதில் அது ஏறாது. நம்பிக்கைக்கு உள்ளே இருந்து, அதே வசனத்தின் சொற்களை வைத்தே பூட்டு போட்டால், கல்லை எடுக்க வருகிற தீவிர பக்தனும் நின்றுதான் ஆகணும்.

எல்லா இடத்திலும் பூட்டு விழவில்லை என்பதையும் சொல்லணும். 1 சாமுவேல் 15-இல் அமலேக்கியரைக் கைக்குழந்தை உட்பட அழிக்கச் சொல்லி சவுல் ராஜாவுக்குக் கட்டளை வருகிறது. பெரியவர்கள் பாவம் செய்திருந்தாலும் குழந்தைகள் என்ன செய்தார்கள் என்று சவுல் கேட்டதாகத் தல்மூதில் ஓர் இடம் உண்டு. அதற்குக் கிடைத்த பதில், ரொம்ப நீதிமானாக இருக்காதே என்ற வானத்துக் கண்டிப்புதான். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியை அவர்கள் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

நீங்க நம்புகிறவரா? ஒரு வசனம் உங்களை உறுத்தினால் அதைப் பாவம்னு நினைக்காதீங்க. அந்த உறுத்தல்தான் ஒரு பையனின் உயிருக்குக் காவலாக நின்றது. நம்பாதவரா? அடுத்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இதை நம்புகிறவர்கள் இந்த வசனத்தை வைத்து என்ன செய்தார்கள்? பூட்டு போட்டிருந்தால் மதியுங்க. கல்லை எடுத்திருந்தால் தாராளமா சண்டைக்குப் போங்க.