பண்டிதர் எக்கெனும் பெண் கல்வியும்

ஒரு பண்டிதரின் பெருமையை அவர் எழுதிக் குவித்த புத்தகங்களைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். நாமோ, அவர் தம்முடைய சந்தேகத்தை எதுவரையில் கொண்டுபோனார், எந்த இடத்தில் நிறுத்திக் கொண்டார் என்றுதான் பார்க்க வேண்டும் என்கின்றோம். இதற்கு உதாரணமாக ஜப்பான் தேசத்துப் பண்டிதர் கைபாரா எக்கெனை எடுத்துக்கொள்வோம்.

இவர் 1630-ம் வருஷத்தில் பூக்குவோகாவில், குரோதா என்னும் சிற்றரசரிடம் ஊழியம் செய்த குடும்பத்தில் பிறந்தார். வாலிபத்தில் அரசர் கோபத்துக்கு ஆளாகி, சுமார் ஏழு வருஷம் சம்பளமின்றித் திண்டாடினார். அடுத்த அரசர் காலத்தில் மறுபடியும் வேலை கிடைத்து, கியோத்தோ நகருக்குப் படிக்க அனுப்பப்பட்டார். அக்காலத்து ஜப்பானியப் பண்டிதர்களுக்கு, கன்பூஷியஸின் உபதேசங்களுக்குச் சீனத்து சூ ஸி 12-ம் நூற்றாண்டில் செய்த வியாக்கியானமே பிரமாணம். எக்கெனும் அந்த வழியைச் சேர்ந்தவர்தான். ஆனால் அவர் ஏட்டோடு நிற்கவில்லை. வைத்தியம் கற்றார், செடிகொடிகளையும் பிராணிகளையும் நேரில் பார்த்து ஆராய்ந்து, 1,300-க்கு மேற்பட்ட வகைகளை விவரிக்கும் நூலை 1709-ல் வெளியிட்டார். கடைசிக் காலத்தில் 'பெரும் சந்தேகங்கள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதி, பொருள்களுக்குப் புறம்பாகத் தத்துவம் என்று ஒன்று தனியே கிடையாது என்று சூ ஸியையே மறுத்தார். குரு சொல்லிவிட்டார் என்பதற்காகத் தலையாட்டாத இந்தத் துணிவை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம்.

நிற்க. இவர் 1710-ல் குழந்தைகளை வளர்க்கும் முறையைப் பற்றி ஐந்து பாகமுள்ள புத்தகம் ஒன்று வெளியிட்டார். பண்டிதர்களுக்கே விளங்கும் சீன மொழியில் எழுதாமல், சாதாரண ஜனங்கள் படிக்கும்படி தம் நாட்டு பாஷையில் எழுதினார். பிள்ளை பேசவும் சோறு தின்னவும் தொடங்கும்போதே படிப்பினையும் தொடங்க வேண்டும் என்றார். கண்மூடித்தனமாகச் செல்லம் கொடுப்பதைக் கண்டித்தார். பத்தில் மூன்று பங்கு பசியும் குளிரும் தெரிந்தே பிள்ளை வளர வேண்டும் என்ற பழமொழியை எடுத்துக்காட்டினார். கணக்குப் படிப்பது வியாபாரிகளின் வேலை என்று இழிவாக நினைத்த போர்வீரர் ஜாதியாரைப் பார்த்து, மேல்நிலையில் உள்ளவனுக்கும் கணக்கு வேண்டும் என்று இடித்துச் சொன்னார். பெண் குழந்தைக்கும் ஏழு வயதிலிருந்து எழுத்துக் கற்பிக்க வேண்டும். எழுத்தும் கணக்கும் தெரியாதவள் குடும்ப வரவுசெலவை எப்படி நடத்துவாள் என்று கேட்டார். அக்காலத்துக்கு இது சாமானியமான பேச்சல்ல.

ஆனால் ஐந்தாம் பாகத்தில் நடப்பதென்ன? பத்து வயதுக்குமேல் பெண்ணை வெளியில் அனுப்பாமல் நூற்பு, நெசவு, தையலோடு வைக்க வேண்டும் என்கிறார். பெண் இளமையில் தகப்பனுக்கும், பிறகு புருஷனுக்கும், அவன் இறந்தபின் மகனுக்கும் அடங்க வேண்டும் என்ற பழைய சீன விதியை அப்படியே ஒப்புக்கொள்கிறார். வாசகர்களே! பெற்றுப் பாலூட்டிப் பேச்சுக் கற்பித்த தாய், தன் பிள்ளைக்கே அடிமையாக வேண்டுமாம்! அடிமையாயிருப்பவள் பிள்ளைக்கு எந்த ஒழுக்கத்தைக் கற்பிக்க முடியும்? அடங்குவதைத் தவிர வேறென்ன தெரியும் அவளுக்கு? குடும்பக் கல்வியின் வேரையே வெட்டிவிட்டு, கிளைக்குத் தண்ணீர் ஊற்றுவதல்லவா இது?

மனைவியைத் தள்ளிவிட ஏழு காரணங்களையும் சொல்லுகிறார். மாமன் மாமிக்கு அடங்காமை, பிள்ளையில்லாமை, ஒழுக்கக்கேடு, பொறாமை, கொடிய நோய், அதிகப் பேச்சு, திருட்டு என்பவை அவை. இவற்றில் பிள்ளையில்லாமையும் நோயும் பெண்ணின் குற்றமல்ல என்று அவரே சொல்லுகிறார். குற்றமல்லவென்றால் தண்டனை மாத்திரம் எதற்கு? புருஷனைத் தள்ளிவிட மனைவிக்கு ஒரு காரணமாவது உண்டா? கேட்கவேண்டிய இந்தக் கேள்விகளை அவர் கேட்கவேயில்லை.

அவருடைய சொந்த வீட்டையே பார்ப்போம். மனைவி தோக்கென் வயதில் அவருக்கு 22 வருஷம் இளையவர்; படித்தவர்; எழுத்துக்கலையில் பெயர் எடுத்தவர்; கணவரோடு யாத்திரை சென்றவர். இத்தம்பதிகளுக்குக் குழந்தையில்லை. சகோதரரின் பிள்ளையைத் தத்து எடுத்துக்கொண்டார்களேயன்றி, எக்கென் மனைவியைத் தள்ளிவிடவில்லை. அந்த அம்மையார் இறந்த சில மாதங்களில், 1714-ல், தாமும் இறந்தார். அதாவது, அவர் புத்தகத்துக்குச் சரியான மறுப்பு அவர் வீட்டிலேயே நடமாடிக் கொண்டிருந்தது. வாழ்க்கையில் கண்ட உண்மையை எழுத்தில் வைக்கத்தான் தைரியம் வரவில்லை.

இந்தக் கோழைத்தனத்தின் பலனை அனுபவித்தவர்கள் ஊரார் வீட்டுப் பெண்களே. அவர் இறந்தபின் 1716-ல் 'பெண்களுக்குப் பெருங்கல்வி' என்று பொருள்படும் சிறு நூல் அவர் பெயரால் வெளிவந்தது. அதை அவரே எழுதினாரென்று ஆராய்ச்சிக்காரர்கள் ஒப்புவதில்லை. ஆனால் சரக்கெல்லாம் அந்த ஐந்தாம் பாகத்துச் சரக்குதான். அவர் அனுமதித்த எழுத்தும் கணக்கும் பின்னுக்குப் போய், அடக்கம் ஒன்றே நின்றது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெண் குழந்தைகள் அதைப் பார்த்தே எழுதிப் பழகினார்கள். பூக்குசாவா யூக்கிச்சி 1899-ல் தம் பத்திரிகையில் அதைக் கண்டித்துப் புதிய பெண் கல்வி நூல் ஒன்றையும் எழுதினார். புருஷனும் மனைவியும் சம உரிமையுள்ளவர்கள் என்பது அரசியல் சட்டத்தில் ஏறி அமலுக்கு வந்ததோ 1947-ல்தான்.

ஆகவே நாம் சொல்வதெல்லாம் இதுதான்: குருவையே சந்தேகித்தவருக்கு, ஆண்பிள்ளை என்ற தம் அதிகாரத்தைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. மேடையில் பகுத்தறிவும் அடுப்படியில் அதிகாரமும் செய்பவர்கள் எந்தத் தேசத்திலும் எக்காலத்திலும் உண்டு. அறிவாளி ஒருவர் தம் வீட்டு வாசற்படியில் நிறுத்திக்கொண்ட சந்தேகத்துக்கு, எத்தனையோ தலைமுறைப் பெண்கள் வட்டி கட்ட வேண்டியிருந்தது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.