பர்ஸ்ட் பட்டனைத் தொடாத இன்ஜினியர்கள்

பி.காம். படித்துவிட்டு பேங்கில் குப்பை கொட்டுகிறவனுக்கு ஃபங்ஷன் ஜெனரேட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கேளுங்கள். கல்விக்கடன் விண்ணப்பத்தில் 'லேப் கட்டணம்' என்ற வரிக்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன். இங்கே புனேயில் என் மகளும் எலெக்ட்ரானிக்ஸ்தான் படிக்கிறாள். அந்தப் பணத்துக்கு லேபில் என்ன நடக்கிறது என்று கேட்காமல் வேறு யார் கேட்பது?

நடப்பது இதுதான். ஜெனரேட்டரை ஆன் செய்து, 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை ஆசிலாஸ்கோப்பில் பார்த்து, படம் வரைந்துகொண்டு வெளியே வருகிறார்கள். மீதியெல்லாம் சீனியரின் ஜர்னலிலிருந்து. (ஊரில் ரெக்கார்ட் நோட்டு, இங்கே ஜர்னல். பெயர்தான் வேறு, காப்பி ஒன்றுதான்.) அதே பெட்டியில் 'பர்ஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. நாலு வருஷமும் அதைத் தொடாமலே பட்டம் வாங்கிவிடலாம்!

பர்ஸ்ட் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. அலையை எண்ணி இத்தனை சுற்று மட்டும் அனுப்பி, நிறுத்தி, மறுபடி அனுப்புவது. எங்கள் பாஷையில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் மாதிரி. எவ்வளவு, எத்தனை தடவை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, தானாகவா அல்லது ஆள் வந்து சொன்னால்தானா? இந்தக் கேள்விகள்தான் அங்கே ஆம்ப்ளிட்யூட், சைக்கிள், பர்ஸ்ட் பீரியட், ட்ரிக்கர்.

எதற்கு இது? காலேஜ் ப்ராஜெக்ட்களில் அடிக்கடி தென்படும் அல்ட்ராசோனிக் சென்ஸார் ஹெச்சி-எஸ்ஆர்04 உள்ளே செய்வது இதைத்தான். 40 கிலோஹெர்ட்ஸில் 8 சுற்று அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கும். நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருந்தால் எது தன் குரல், எது எதிரொலி என்று எப்படிப் பிரிப்பது?

இதையே ஜெனரேட்டரில் வைத்துப் பார்க்கட்டும். 40 கிலோஹெர்ட்ஸ், 8 சைக்கிள், பீரியட் 50 மில்லிசெகண்ட், இன்டர்னல் ட்ரிக்கர், ஃபேஸ் 0 டிகிரி. 8 சுற்று 200 மைக்ரோசெகண்டில் முடிந்துவிடும், மீதி நேரமெல்லாம் மௌனம். அந்த 50 மில்லிசெகண்டில் ஒலி சுமார் 17 மீட்டர் ஓடும். போக வர என்று பார்த்தால் 8 மீட்டர் தள்ளியிருக்கும் சுவர் வரை அளக்க நேரம் போதும்.

உடனே ஸ்கோப்பில் படம் நிற்காமல் ஆடும். ஜெனரேட்டரின் சிங்க் அவுட்புட்டை ஸ்கோப்பின் எக்ஸ்டர்னல் ட்ரிக்கரில் கொடுத்தால் நிற்கும். இன்னொரு வேடிக்கை: ஜெனரேட்டரில் லோடு 50 ஓம் என்று இருந்து, 5 வோல்ட் வைத்தால், 1 மெகாஓம் ஸ்கோப் 10 வோல்ட் காட்டும். ஏன் என்று பிள்ளை மண்டையைக் குடைந்துகொள்ளும் அந்த அஞ்சு நிமிஷம்தான் படிப்பு. அது சீனியரின் ஜர்னலில் கிடைக்காது.

சாக்குகளுக்குக் குறைவில்லை. 'மெஷின் கெட்டுவிடும்.' பர்ஸ்ட் பட்டனை அழுத்தி எந்த மெஷினும் கெடாது. அவுட்புட்டில் வெளி வோல்டேஜைக் கொடுத்தால்தான் கெடும். அதைச் சொல்லிக்கொடுப்பதுதானே லேப்? 'சிமுலேஷனில் பார்த்துக்கொள்ளலாம்.' சிமுலேஷனில் தப்பான கனெக்ஷன் கொடுத்துத் திருதிருவென்று முழிக்க முடியுமா? 'ஒரு செட்டுக்குப் பத்து பேர்.' இது மட்டும் நியாயமான குறை. ஆனால் ஆளுக்குக் கால் மணி நேரம் என்றாலும் ஒரு மதியத்தில் முடிந்துவிடுமே! 'பரீட்சைக்கு வராது.' ஆங், உண்மை இப்போதுதான் வெளியே வந்தது.

மொழி தெரியாத ஊரில், ட்ரான்ஸ்ஃபருக்கு ட்ரான்ஸ்ஃபர் வீடு மாற்றிக்கொண்டு, பிள்ளை படிப்பு ஒன்றையே நம்பி இருக்கும் குடும்பங்கள் நாம். கட்டணத்தை ஒருநாள் தாமதிக்காமல் கட்டுகிறோம். மார்க் எவ்வளவு, ப்ளேஸ்மென்ட் எத்தனை சதவீதம் என்று கேட்கிறோம். லேபில் என்ன தொட்டாய் என்று மட்டும் கேட்பதில்லை.

இன்று ராத்திரி சாப்பிடும்போது கேளுங்கள்: "8 சுற்று முடிய ஆகும் நேரத்தைவிட பர்ஸ்ட் பீரியடைக் குறைவாக வைத்தால் என்ன ஆகும்?" கருவியைத் தொட்ட பிள்ளை, வைக்கவே விடாது, இல்லையென்றால் தானே மாற்றிக்கொள்ளும் என்று டக்கென்று சொல்லும். முழித்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் அதே கேள்வியை ஹெச்.ஓ.டி.யிடம் கேளுங்கள்.