மீதிச் சூடு எங்கே போச்சு?

என் கணினியின் பிராசசர் இந்த மே மாதம் 82 டிகிரியில் ஓடுகிறது. ஓடட்டும். இதை ஒரு நண்பனிடம் சொன்னபோது, ஐசியூவில் யாரையோ பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "மச்சி, ஒரு 360 வாட்டர் கூலர் போட்டுடு. அம்பதுல நிக்கும். சத்தமே இருக்காது" என்றான். வீட்டிலேயே கணினி கட்டும் எங்கள் தலைமுறைக்கு இது கிட்டத்தட்ட மதம். எண் சின்னதாக இருந்தால் புண்ணியம், பெரிதானால் பாவம், தண்ணீர் விட்டால் பாவம் கழியும். நானும் அந்த மதத்தில் இருந்தவன்தான். அதனால் கொஞ்சம் உரக்கவே பேசுகிறேன்.

2019 ஆகஸ்ட் முதல் வாரம். அத்திவரதரைப் பார்க்க நாடே காஞ்சிபுரத்துக்குள் வந்துகொண்டிருந்தது. நான் எதிர்த்திசையில் பஸ் பிடித்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். அப்போதுதான் வெளியாகியிருந்த எட்டு கோர் ரைசன் ஒன்றும், 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் வைத்த வாட்டர் கூலர் ஒன்றும் வாங்கி வந்தேன். கூலருக்குக் கொடுத்த காசு அப்பா ஒரு புடவை நெய்து வாங்கும் கூலியைவிட அதிகம். அதை வீட்டில் சொல்லவில்லை.

அப்பா நெசவாளி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதி இடம் குழித்தறிக்கு. மீதிப் பாதியில்தான் நாங்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அந்த மீதிப் பாதியின் ஒரு மூலையில் என் மேஜையும் கணினியும் குடியேறின. வெளியே எல்லாம் நின்றுபோனாலும் தறியில் ஏற்கெனவே பாவு ஏற்றியிருந்தது. அப்பா குழிக்குள் கால் விட்டு நெய்வார், நான் எட்டடி தள்ளி கோட் அடிப்பேன். பட்டுப் பாவு காய்ந்தால் இழை அறும் என்று தறிப் பக்கம் அவர் ஃபேன் போடவே விடமாட்டார். தறிக்குக் குழி வெட்டியதே அந்த ஈரத்துக்காகவும்தான் என்பார்.

கத்திரி வெயிலில் ஒருநாள், பில்ட் ஓடிக்கொண்டிருந்தபோது, திரையைக் காட்டிப் பெருமையடித்தேன். "பழைய கூலர்ல 92 காட்டும்பா. இப்ப பாரு, 76."

அப்பா பனியனைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அப்ப மீதிச் சூடு எங்கடா போச்சு?"

நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தவன் நான். தெர்மோடைனமிக்ஸில் அரியர்கூட வைத்ததில்லை. ஆனால் அந்தக் கேள்வியை நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. பிராசசருக்குள் 142 வாட் போனால் 142 வாட்டும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். 92-ஐ 76 ஆக்குவதால் அதில் ஒரு வாட்கூடக் குறையாது. சூடு சில்லுக்குப் பக்கத்தில் குவியாமல் சீக்கிரமாகக் கூடத்துக்கு வந்து சேர்கிறது, அவ்வளவுதான். மற்ற பாகங்களையும் சேர்த்தால் 200 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடும். ஆக, ஃபேன் இல்லாமல் நெய்துகொண்டிருந்த மனிதருக்குப் பக்கத்தில் நான் ராத்திரி பகலாக இரண்டு ஆட்களை உட்கார வைத்திருந்தேன். கிராபிக்ஸ் கார்டோடு 400 வாட் இழுத்து கேம் ஆடினால் நாலு ஆட்கள்.

தண்ணீரைக் குறை சொல்லவில்லை. ஒரே கொள்ளளவில் காற்றைவிட ஏறக்குறைய 3500 மடங்கு வெப்பத்தைத் தாங்கும் பொருள் அது. அதன் நிஜமான வரம், சூட்டை ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது. பெரிய டேட்டா சென்டர்களில் அந்த வரத்தை ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்கள். 1985-ல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரின் சர்க்யூட்டுகளை மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் முழுக்கவே மூழ்கடித்து வைத்தார்கள். நமக்கு விற்கப்படும் டப்பாவில் குழாயின் நீளம் ஏறக்குறைய ஒன்றரை அடிதான். ஒன்றரை அடி பயணம் செய்த சூடு அதே கேபினெட்டின் முதுகு வழியாக அதே அறைக்குள் இறங்குகிறது. ஏசியின் அவுட்டோர் யூனிட்டைக் கட்டிலுக்குக் கீழே வைப்பீர்களா?

"சத்தமே இருக்காது" என்பதற்கு வருகிறேன். சத்தம் வருவது ஃபேனிலிருந்து. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். பெரிய ஹீட்சிங்க்கில் பெரிய ஃபேனை மெதுவாக ஓடவிட்டாலே அமைதி வந்துவிடும். வாட்டர் கூலரிலும் ஃபேன் உண்டு, அதுவும் இரண்டு மூன்று. கூடவே ஒரு பம்ப். ஃபேன் சத்தம் காற்று மாதிரி, காது பழகிவிடும். பம்பின் சத்தம் கொசு. கூடத்தில் படுப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். தண்ணீருக்கு ஒரு நியாயமான சாதகம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அது சூடாக நேரம் எடுக்கும் என்பதால் நொடிக்கொரு தரம் ஃபேன் சீறி அடங்காது. ஆனால் அதையே பயாஸில் ஃபேன் வேகம் ஏறுவதற்குச் சில நொடி தாமதம் வைத்துப் பெரும்பாலும் சாதித்துவிடலாம். ஐந்து நிமிட வேலை, பைசா செலவில்லை. அதனால்தானோ என்னவோ யாரும் அதற்கு வீடியோ போடுவதில்லை.

என் பம்ப் நாலு வருஷம்கூடத் தாங்கவில்லை. முதலில் களக் களக் என்றது, பிறகு கரகரவென்று அரைத்தது, ஒரு ராத்திரி நின்றேவிட்டது. அத்திவரதர் அனந்தசரஸ் குளத்துத் தண்ணீருக்குள் 40 வருஷம் இருந்துவிட்டு எழுந்து வந்தார். அவர் வந்திருந்தபோது நான் வாங்கியது இது.

பம்ப் போன பிறகு நான் முதலில் செய்தது, பிராசசருக்குப் போகும் மின்சாரத்தை 88 வாட்டுக்குக் கட்டுப்படுத்தியது. ஈகோ மோட் என்று அவர்களே கொடுத்திருக்கும் வசதி. அதுவரை 11 நிமிடத்தில் முடிந்த பில்ட் இப்போது 12 நிமிடத்தில் முடிகிறது. அந்தக் கடைசி ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை நாளும் கூடுதலாக 54 வாட்டை எரித்து, அதைத் தூக்கிப்போக ஒரு பம்ப் வாங்கி, அந்த பம்பின் சத்தத்தையும் வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறேன். இப்போது இருப்பது சாதாரண ஏர் கூலர், மெதுவாகச் சுற்றும் ஒரே ஃபேன்.

82 டிகிரி ஆபத்து இல்லையா? 22 டிகிரி அறையில் உட்கார்ந்து ரிவ்யூ செய்பவருக்கு இதே கூலர் 68 காட்டும். எங்கள் கூடம் மே மாதத்தில் 36. வித்தியாசம் 14, அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். 2022-ல் வந்த ரைசன் 7000 வரிசை 95 டிகிரி வரை போய் அங்கேயே நின்று ஓடும்படிதான் வடிவமைக்கப்பட்டது என்று ஏஎம்டியே சொன்னது. சிலிக்கானுக்குக் காய்ச்சல் 98.4-ல் தொடங்குவதில்லை.

2024-ல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்கள் கொத்துக் கொத்தாகத் தடுமாறியதை நினைத்துப் பாருங்கள். மைக்ரோகோடில் இருந்த கோளாறால் பிராசசர் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் அப்டேட் விட்டார்கள், வாரன்ட்டியை இரண்டு வருஷம் நீட்டினார்கள். வெப்பத்துக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூன்று ஃபேன் ரேடியேட்டர் மாட்டி டிகிரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் பிராசசர்களும்தான் போயின. அவர்கள் பார்க்காமல் விட்டது வோல்ட்டையும் வாட்டையும்.

"ஏசி போட்டுக்கோயேன்" என்று கேட்பவர்கள் உண்டு. ஏசி காற்றை உலர்த்தும். பாவு என்னாகும்? தவிர, எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கிறது. என் அவுட்டோர் யூனிட் எதிர்வீட்டு ஜன்னலுக்குள் ஊதும். அங்கேயும் தறி இருக்கிறது.

டெக் மாநாடுகளில் யாராவது ஒருவர் தறியின் படத்தைப் போட்டு, ஜக்கார்டின் துளை அட்டைதான் கணினிக்குப் பாட்டன் என்று உருகுவார். நானே ஒருமுறை உருகியிருக்கிறேன், கைதட்டலும் கிடைத்தது. அந்த அட்டைகள் தொங்கும் தறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் எத்தனை டிகிரியில் உட்கார்ந்திருக்கிறார் என்று என் ஸ்லைடில் இல்லை.

தமிழில் ரிவ்யூ போடும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். பிராசசர் எத்தனை டிகிரி என்பதோடு அன்றைக்கு உங்கள் அறை எத்தனை டிகிரி, சுவரிலிருந்து எத்தனை வாட் இழுத்தது, ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் என்பதையும் சொல்லுங்கள். வாட்டைப் பாதியாக்கினால் வேகம் எவ்வளவு குறைகிறது என்று ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள். 240-ஆ 360-ஆ என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.