பதிவேட்டில் எழுதாத மழை

தருமபுரி மாவட்டத்துப் பள்ளிகளில் அறிவியல் பாடம் எடுத்தவர்கள் நாங்கள். பாதிப் பேர் ஓய்வு பெற்றாயிற்று. மீதிப் பேர் இன்னும் வகுப்பில் நிற்கிறோம். புவி வெப்பமடைவதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் இப்போதாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்களுக்கு அது ஐந்து மதிப்பெண் கேள்வி. கரியமில வாயு, பசுமை இல்ல விளைவு, உருகும் பனி, அதன் மேல் ஒரு வெள்ளைக் கரடி. பனிக்கட்டியை ஐஸ் வண்டியில் மட்டுமே பார்த்த பிள்ளைகள் அந்தக் கரடியை நோட்டில் அழகாக வரைந்தார்கள். நாங்களும் டிக் போட்டோம்.

பாலக்கோட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன் அந்தப் பாடத்தின் நடுவே எழுந்து நின்றான். அவன் வீட்டில் தக்காளி போட்டிருந்தார்கள். “ராவுல கூட சூடு தணியல சார். பூ நிக்காம கொட்டிப்போவுது. அதுவும் இதனாலயா சார்?” என்று கேட்டான். “பாடத்துல இருக்கறத மட்டும் கேளு, உட்காரு” என்றோம். உட்கார்ந்துவிட்டான். அந்த ஆண்டு அவன் வேறு கேள்வியே கேட்கவில்லை.

இரவு வெக்கை கூடினால் தக்காளியில் பிஞ்சு பிடிக்காது, மகரந்தம் கெட்டுவிடும். சுவீடன் நாட்டு வேதியியலாளர் அர்ரீனியஸ் 1896-இல் வெளியிட்ட கட்டுரையில், காற்றில் கரியமில வாயு கூடினால் பகலைவிட இரவே அதிகம் சூடேறும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். ஏறக்குறைய ஓராண்டு கையாலேயே போட்ட கணக்கு அது. பையன் கேட்டது அந்தக் கணக்கின் வாசலில் நின்று கேட்ட கேள்வி. ஓர் ஆண்டு பூ கொட்டியதற்கு இதுதான் காரணம் என்று எவராலும் அடித்துச் சொல்ல முடியாது என்பதும் உண்மைதான். அப்படிச் சொல்வதற்குப் பல ஆண்டு அளவுகள் கையில் இருக்க வேண்டும். அதையாவது அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவனே அளக்கத் தொடங்கியிருப்பான்.

இந்த அறிவியல் முழுக்க அப்படி அளந்தவர்களால் வந்ததுதான். அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி 1856-இல் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து, உள்ளே வெப்பமானியை வைத்து வெயிலில் காட்டினார். கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடேறியது. ஆறவும் வெகுநேரம் பிடித்தது. இரண்டு கண்ணாடி ஜாடி, இரண்டு வெப்பமானி, சோடா உப்பு, எலுமிச்சைச் சாறு இருந்தால் அதைப்போல ஒன்றை நாமும் செய்து பார்க்கலாம். வெயிலுக்கு இந்த ஊரில் பஞ்சமா? எங்களில் ஒருவர்கூடச் செய்து காட்டியதில்லை. ஃபுட்டுக்கு மூன்று ஆண்டுகள் கழித்து அயர்லாந்துக்காரரான டிண்டால் எந்த வாயு வெப்பத்தை எவ்வளவு பிடித்து வைக்கிறது என்று கருவி கொண்டு அளந்தார். 1938-இல் காலண்டர் என்ற இங்கிலாந்துப் பொறியாளர், உலகெங்கும் இருந்த 147 வானிலை நிலையங்களின் பதிவேடுகளைத் திரட்டி, பூமி ஏற்கெனவே சூடேறி வருகிறது என்று காட்டினார். வானிலை அவர் தொழிலே அல்ல. யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் நாள் தவறாமல் எழுதி வைத்த எண்கள் அவருக்குக் கைகொடுத்தன.

கீலிங் என்ற அமெரிக்க அறிவியலாளரைப் பற்றிப் படிக்கும்போதுதான் எங்களுக்கு உறுத்துகிறது. ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் அவர் காற்றை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. 1964-இல் பணமில்லாமல் சில மாதம் அளவு நின்றுபோனது. அளக்காத அந்த மாதங்களை அளந்ததாக அவர் எழுதவில்லை.

காலநிலை அறிவியலாளர் இராமநாதன் பெயரையாவது சொல்லியிருக்க வேண்டும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலை ஒன்றில், வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பது அவருடைய முதல் வேலை. அதே வகை வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கு ஈடாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று 1975-இல் அமெரிக்காவிலிருந்து அவர் எழுதினார். 2000-க்குள் வெப்பமடைவது பதிவுகளில் தெளிவாகத் தெரிந்துவிடும் என்று 1980-இலேயே மேடன் என்ற அறிவியலாளரோடு சேர்ந்து சொன்னார். இவையெல்லாம் எங்கள் பிள்ளைகள் காதில் விழவே இல்லை.

அரூர்ப் பக்கத்தில் எங்கள் பள்ளி ஒன்றுக்கு மழைமானி வந்தது. தினமும் காலை எட்டரைக்குப் புனலை எடுத்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் படித்து எழுத வேண்டும். முதல் பருவம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வரவில்லை. திங்களன்று இரண்டு நாள் தண்ணீரையும் குத்துமதிப்பாகப் பிரித்து எழுதினோம். மரம் நடுவிழாவில் நாங்களே வைத்த வேம்பு, கிளை விரித்து அதை மூடியது. மழைக்குப் பதில் இலைச்சொட்டுதான் புனலில் விழுந்தது. கிளையை வெட்டவுமில்லை, மானியை இடம் மாற்றவுமில்லை.

எங்கள் தாத்தாக்களுக்கு மழைமானி கிடையாது. ஆனாலும் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி, ஈரம் இறங்கிய ஆழத்தைப் பார்த்து, “ஒரு உழவு மழை”, “ரெண்டு உழவு மழை” என்று சொன்னார்கள். எந்தச் சித்திரையில் எத்தனை உழவு என்பது அவர்களுக்கு நினைவிருந்தது. அதையும் நாங்கள் கேட்டு எழுதி வைக்கவில்லை. அந்தத் தலைமுறையில் இப்போது யாரும் இல்லை.

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து உள்ளே வந்து கொட்டியது. மறுநாள் காலைக் கணக்கில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. எங்கள் வாழ்நாளில் இந்தப் பக்கம் அப்படி ஒரு மழையைப் பார்த்ததில்லை. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது, பயிர் முழுகியது.

சில நாள் கழித்து எங்களிடம் படித்த ஒருவர் பள்ளிக்கு வந்தார். இப்போது மரவள்ளி போட்டிருக்கிறார். காடு முழுக்க அழுகிப்போய்விட்டது. “அரூர் கணக்கு பேப்பர்ல வந்துச்சு சார். நம்மூர்ல எவ்ளோன்னு பள்ளிக்கூடத்துல எழுதியிருப்பீங்களே, அதக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார். அவர் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அந்தக் குவளையைக் கையில் பிடித்துப் படித்தவர்.

பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தோம். கடைசியாக எழுதியிருந்த தேதிக்கு வயது ஆறு ஆண்டு. அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தம் கையெழுத்து இருந்த பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.