நடுப்பகலில் டின்னர்

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் மத்திய மேற்கின் பண்ணைப் பகுதிகளிலும் வயதானவர்கள் பலர் மதியச் சாப்பாட்டைத்தான் 'டின்னர்' என்பார்கள். ராத்திரி சாப்பிடுவது 'சப்பர்'. இதைக் கேட்டு நகரத்தார் சிரிக்கிறார்கள். படிப்பறிவில்லாத பட்டிக்காட்டுப் பேச்சு என்கிறார்கள். டின்னர் என்றால் இரவுச் சாப்பாடு என்றே பாடம் படித்த நம்மில் பலரும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்கிறோம். இது தவறு மட்டுமல்ல, அநியாயமும்கூட.

டின்னர் என்பது அந்த நாளின் பெரிய சாப்பாடு. இடைக்கால இங்கிலாந்தில் அது முற்பகலிலோ உச்சிப் பொழுதிலோ நடந்தது. விடியுமுன் எழுந்து மாடு கறந்து, ஏர் பிடித்தவனுக்குப் பசி நடுப்பகலில்தானே கொல்லும்? அமெரிக்கப் பண்ணைகளிலும் அப்படித்தான். வயலில் நிற்பவர்களை உச்சி வேளையில் கூப்பிட அடித்த மணிக்கே டின்னர் மணி என்று பெயர். இறைச்சி, உருளைக்கிழங்கு, ரொட்டி என்று மேசை நிறைந்திருக்கும். சப்பர் லேசான சாப்பாடு.

பிறகு ஆலைகளும் அலுவலகங்களும் வந்தன. வேலை வீட்டைவிட்டுத் தூரமாயிற்று. பெரிய சாப்பாடு மாலைக்குத் தள்ளிப்போனது. பெயரும் அதன் பின்னாலேயே போயிற்று. காலியான மதியத்தை 'லஞ்ச்' பிடித்துக்கொண்டது. ஆக, சொல்லை இடம் மாற்றியவர்கள் நகரத்தார்தான். பண்ணைக்காரர்கள் பழையபடியே பேசினார்கள்.

தொழிலாளிகளும் உடனே மாறிவிடவில்லை. சுரங்கத்துக்குப் போனவர் கையில் தொங்கிய அடுக்குத் தகர வாளிக்கு, அடியில் தேநீரும் மேல்தட்டில் தின்பண்டமுமாக மதியத்துக்குத் திறக்கும் அந்த வாளிக்கு, டின்னர் வாளி என்றே பெயர். 1900 அதிபர் தேர்தலில் மெக்கின்லி கட்சியினர் ஓட்டுக் கேட்டதே 'நிறைந்த டின்னர் வாளி' என்ற முழக்கத்தை வைத்துத்தான். அந்த முழக்கத்தை அன்று யாரும் பட்டிக்காட்டுப் பேச்சு என்று ஒதுக்கவில்லை.

சிரிப்பவர்கள் வீட்டிலும் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தைப் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கே பரிமாறுகிறார்கள். அதையும் டின்னர் என்றுதான் அழைக்கிறார்கள்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடெரிக் காசிடி 1965 முதல் 1970 வரை 1,002 ஊர்களுக்கு ஆள் அனுப்பி, ஓர் அகராதிக்காக வட்டாரப் பேச்சைத் திரட்டினார். அந்த அகராதி ஆறு பெரிய தொகுதிகளாக வந்திருக்கிறது. தெற்கில் மதியம் தாண்டினாலே 'ஈவ்னிங்' என்பது போன்ற வழக்குகள், அந்தந்த மண்ணின் பேச்சாகவே அதில் இடம்பெற்றிருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பாட்டி டின்னருக்கு அழைத்தால் அவரைத் திருத்தக் கிளம்பாதீர்கள். எத்தனை மணிக்கு வரட்டும் என்று மட்டும் கேளுங்கள்.