கணவாய் பிரித்ததும் நாம் பிரித்ததும்

தமிழ்நாடும் கேரளமும் 2025இல் ஒரே சமயத்தில் நடத்திய கணக்கெடுப்பில் 2,668 வரையாடுகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. மகிழ வேண்டிய எண்ணிக்கைதான். 2023 அக்டோபரில் தொடங்கிய நீலகிரி வரையாடு திட்டத்தில், முன்பு வாழ்ந்த மலைகளில் ஆடுகளை மீண்டும் கொண்டுவிடுவதும் ஒரு பணி. எந்த மந்தையிலிருந்து பிடித்து எங்கே விடுவது? மாநில எல்லையையோ வண்டி போகும் வசதியையோ பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது.

2005இல் வெளியான மூலக்கூறு ஆய்வு, வரையாடு இமயமலை வரையாட்டைவிடச் செம்மறி இனத்துக்கே நெருக்கமானது என்று காட்டியது. அதனால் நீல்கிரிட்ராகஸ் என்ற தனிப் பேரினமே உருவானது. அதில் இருப்பது இந்த ஓர் இனம் மட்டும். அதற்குள்ளும் ஒரு பிளவு உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே முக்குர்த்தி முதலான இடங்களில் வாழும் ஆடுகளும், தெற்கே இரவிகுளம், ஆனைமலைப் பக்கம் வாழ்பவையும் மரபணுவில் வேறுபடுகின்றன. சோலைக்காட்டுப் பறவைகள் சிலவற்றில் இதே கணவாய் தனித்தனி இனங்களையே உண்டாக்கியிருக்கிறது.

இந்தப் பிளவை அலட்சியம் செய்தால் என்ன நேரும் என்பதற்குத் ஐரோப்பாவின் தாத்ரா மலையில் வாழ்ந்த ஐபெக்ஸ் காட்டாடுகள் சாட்சி. வேட்டையில் அவை அழிந்துபோன பிறகு, அங்கே ஆஸ்திரியாவிலிருந்து கொண்டுவந்த ஆடுகள் நன்றாகவே பெருகின. பிறகு துருக்கியிலிருந்தும் சினாயிலிருந்தும் வேறு காட்டாடுகளைச் சேர்த்தார்கள். கலப்பில் பிறந்தவை குளிர்காலத்துக்குக் காத்திராமல் இலையுதிர்காலத் தொடக்கத்திலேயே இணைசேர்ந்தன. குட்டிகள் பிப்ரவரியின் கடுங்குளிரில் பிறந்தன. கூட்டமே அழிந்தது. அவை வெவ்வேறு இனங்கள், நம்முடையவை ஒரே இனம் என்பது உண்மை. ஆனாலும் பிறப்புக்காலம் என்பது அந்தந்த மலையின் பருவத்தோடு நெடுங்காலம் பழகி அமைந்த பண்பு; அதைக் கலைக்குமுன் தயங்கத்தான் வேண்டும்.

அதே தயக்கத்தை எல்லா இடத்துக்கும் நீட்டுவது இன்னொரு கேடு. ஃபுளோரிடாவில் 1990களின் தொடக்கத்தில் இருபது, முப்பது பூமாக்களே மிஞ்சியிருந்தன. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகியதால் வால் வளைந்தது, இதயத்தில் குறை வந்தது, ஆண்களுக்கு விதை இறங்கவில்லை. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவிட்டார்கள். கலப்புக் குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன. பின்வந்த ஆண்டுகளில் எண்ணிக்கை மூன்று மடங்கானது. அந்த இரு கூட்டங்களும் முன்பு கலந்தே வாழ்ந்தவை. பிரித்தது வேட்டையும் குடியேற்றமும்தான்.

எங்கள் நிலைப்பாடு இது: கணவாய் பிரித்ததை, வேறு வழியே இல்லை என்று சான்றுகள் காட்டும்வரை சேர்க்க வேண்டாம். தேயிலையும் சீகையும் தைலமரமும் அணைகளும் பிரித்ததைச் சேர்க்கத் தயங்க வேண்டாம். புல்வெளியை மீட்டு வழி திறப்பதே முதல் வேலை. வழி திறக்க முடியாத சிறு மந்தைகளுக்கு, கணவாயின் அதே பக்கத்திலிருந்து ஆடுகளைக் கொண்டுசெல்லலாம். ‘தூய்மை’ கெடும் என்று காத்திருப்பது அந்த மந்தைகளைக் கைவிடுவதாகும்.

இதற்குத் தரவு வேண்டும். கணக்கெடுப்புக்காக மலையேறும் குழுக்கள் ஒவ்வொரு மந்தையிலிருந்தும் மரபணு ஆய்வுக்காகப் புதிய புழுக்கைகளைச் சேகரிக்கட்டும்; குட்டிகள் எந்த மாதத்தில் பிறக்கின்றன என்பதைக் களக் காவலர்கள் மந்தைவாரியாகக் குறித்துவரட்டும். இரு மாநில வனத்துறைகளும் அவற்றை ஒரே பதிவேட்டில் சேர்க்க வேண்டும், முதல் ஆட்டைப் பிடிப்பதற்கு முன்பே.