எதிரே ஓர் ஆள் வேண்டும்

வள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். சூதைப் பற்றி ஒன்று வகுத்தார். கட்டமும் காயும் கண்டவுடன் அந்த ஓர் அதிகாரத்தை மட்டும் நினைத்து முகம் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர். பந்தயப் பணத்தை எடுத்துவிட்டால் அதே கட்டம் நட்பை வளர்க்கும் களமாகும் என்பது என் கருத்து.

எங்கள் மரக்காணம் உப்பளப் பகுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாத்திகளில் மழைநீர் தேங்கிவிடும். உப்பு வாரும் வேலை நின்றுவிடும். தை பிறந்து பாத்தி செப்பனிடும் வரை கைக்கு வேலையில்லை. அந்த மாதங்களின் இரவுகளில்தான் திண்ணைதோறும் தாயக்கட்டம் விழும். சோழி இல்லாத வீட்டில் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை போதும். தாயம் விழுந்தால்தான் காய் இறக்கலாம்; விழாதவர் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் ஊர்ப்பேச்சு பிறக்கிறது. யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யாருக்குக் காய்ச்சல், யார் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லை என்பதெல்லாம் அங்கே தெரியவரும். மறுநாள் கூரைக்கு ஓலையுடன் வந்து நிற்பவர், முந்தைய இரவு எதிரே அமர்ந்து ஆடியவராக இருப்பார்.

ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்கள். 3 புலிகள், 15 ஆடுகள், 23 புள்ளிகள். புலி ஆட்டை வெட்டலாம்; ஆட்டால் புலியை வெட்ட முடியாது. ஆனால் ஓர் ஆட்டின் பின்னால் இன்னோர் ஆடு நின்றுவிட்டால் புலி அதைத் தாண்ட இயலாது. எல்லா ஆடுகளும் சேர்ந்து புலியை அசையவிடாமல் அடைத்தால் வெற்றி ஆடுகளுக்கே. கூலிக்கு உழைப்போர்க்கு இதைவிட எளிய பாடம் எந்த மேடையில் கிடைக்கும்?

"கைபேசியிலேயே ஆடலாமே" என்பர் சிலர். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடை செய்தது. சூதைத் தடுக்கச் சட்டம் உண்டு. தனிமையைத் தடுக்கச் சட்டம் உண்டா? கைபேசியின் எதிராளிக்கு முகமில்லை. அவர் மூன்று நாள் ஆட வராவிட்டால் தேடிச்செல்ல நமக்கு வீடு தெரியாது.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் திண்ணைகள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. சாதிக்கொரு தெரு, தெருவுக்கொரு கட்டம் என்றே இன்னும் ஆடுகிறோம். முச்சந்தியில் கேரம் பலகையை ஆண்கள் சூழ்ந்து நிற்க, பெண்கள் தலைகுனிந்து கடந்து செல்கின்றனர். இங்கே நட்பு வளர்கிறது என்று பெருமை பேசுவோர் இதற்கும் விடை சொல்ல வேண்டாமா?

விடை சென்னையில் இருக்கிறது. மானுவேல் ஆரோன் 1972-இல் தொடங்கிய டால் சதுரங்கக் கழகத்தில் அந்நாளில் வென்றவர் தொடர்ந்து ஆடினார். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம்விட வேண்டியிருந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விக்கு அங்கே இடமிருக்கவில்லை. அங்கு ஆடிப் பழகிய சிறுவன் விசுவநாதன் ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். வடசென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கப் பதக்கங்கள் வென்றார். ஒரு பெண்ணுக்குப் பலகையில் இடம் கிடைத்தால் அவள் எவ்வளவு தூரம் செல்வாள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பதக்கம் எல்லோருக்கும் கிட்டாது. எனக்கு வேண்டுவதும் அதுவன்று. நம் கல்லூரியில் வாரத்தில் ஒரு மாலை, ஊர்ப் பேருந்து வருவதற்கு முன் ஒரு மணி நேரம், ஓர் அறை போதும். ஒரு கேரம் பலகை, இரண்டு சதுரங்கப் பலகைகள், தரையில் ஒரு தாயக்கட்டம். பந்தயம் கூடாது, மாணவியர்க்குச் சம இடம் வேண்டும், எதிரே அமர்பவர் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே துறை என்று கூடி அமரும் நமக்கு அந்தச் சீட்டு புதியதொரு நண்பரைத் தரும்.

பேராசிரியப் பெருமக்கள் இதற்கு ஆவன செய்ய வேண்டும். முதல் வாரத்திலேயே அவர்களும் சீட்டெடுத்து எங்கள் எதிரே அமர வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள்.